அங்கிளும் கணுக்காலும்

மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய ஒரு கிடங்கின் மாடியில் ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போக நினைக்கும் நர்ஸ்கள்தான் என் மாணவிகள். கீழே மூட்டை பிரித்தால் மேலே வகுப்பே தும்மும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பிழைப்புக்கு ஆங்கிலம் என்று ஆனவள் நான். "டீச்சர் லண்டன்ல இருந்தீங்களோ?" என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், "இதே ஊர்க் கலூரைத் தாண்டினதில்லை" என்பேன். அது பொய்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு அது போதும்.

நம் வாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. மூக்கொலிக்குப் பின்னால் வரும் எழுத்தை மெத்தென்று ஆக்கிவிடும். 'பல்'லில் வரும் ப வேறு, 'அம்பு'வில் வரும் ப வேறு. தமிழனும் மலையாளியும் இதில் ஒரே கட்சி. அதனால் கணுக்காலுக்கான 'ஆங்க்கிள்' என்ற ஆங்கிலச் சொல் எங்கள் வாயில் புகுந்தால் 'அங்கிள்' ஆகித்தான் வெளியே வரும். கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று நோயாளியிடம் கேட்கப் போய், மாமா வீங்கியிருக்கிறாரா என்று கேட்டு வைப்பார்கள்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி என் மனதுக்கு மிகவும் பிடித்தவள். தமிழ்நாட்டிலிருந்து மார்க்கெட் வேலைக்கு வந்த குடும்பத்தின் மகள். பிறந்ததும் படித்ததும் இங்கே. தமிழைப் பேசுவாள், மலையாளத்தைத்தான் எழுதுவாள். எலும்பு சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். இன்னும் ஒரு முறைதான் காத்திருப்போம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"வெள்ளைக்காரங்ககிட்ட ஆன்லைன்ல படி" என்று அவளுக்குச் சொல்லாதவர்கள் இல்லை. அவள் கேட்கவில்லை. எனக்குத்தான் பயம். என் நாக்கே அடிக்கடி இடறும்போது, இவளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பேன்?

"டீச்சரே, மலையாளத்துல பகரத்துக்கு நாலு எழுத்து உண்டு. உங்க தமிழ்ல ஒண்ணே ஒண்ணு. பின்னெ எப்படி ரெண்டு பேரும் ஒரே தப்புப் பண்றோம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எழுத்தெல்லாம் கைக்குத்தான். வாய்க்கு எழுதப்படிக்கத் தெரியாது" என்றேன்.

தொண்டையில் விரலை வைக்கச் சொன்னேன். மூக்கொலி வரும்போது தொண்டை அதிரும். அதை அங்கேயே அடக்கி, ஒரு கணம் மூச்சைப் பிடித்து, பிறகு 'க்'கை விட வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தராமல் நானே தடவித் தடவிக் கண்டுபிடித்த வழி இது. அவள் அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். இரவு டியூட்டி முடிந்து கண் சிவந்து வரும் நாளிலும் தொண்டையில் விரல் இருக்கும்.

பஸ்ஸிலும் 'ஆங்க்கிள், ஆங்க்கிள்' என்று முணுமுணுத்துக்கொண்டே போவாளாம். ஒருநாள் பின் சீட்டிலிருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "எந்தா மோளே?" என்று, மகளைக் கேட்பதுபோல் பரிவோடு கேட்டிருக்கிறார்.

"அப்பவே தெரிஞ்சுபோச்சு டீச்சரே, இன்னும் சரியாகலைன்னு" என்று வகுப்பில் அவளே சொல்லிச் சிரித்தாள். நானாக இருந்தால் அந்த பஸ்ஸை விட்டே இறங்கியிருப்பேன்.

தேர்வு முடிந்ததும் போன் செய்தாள். பயந்துபோன நோயாளியாக நடிப்பவருக்கு, இது ஸிம்பிளான சிகிச்சைதான் என்று அவள் தைரியம் சொல்ல வேண்டும். "அந்த 'ஸிம்பிள்' பழையபடி மெத்துனு வந்துடுச்சு. எனக்கே கேட்டுச்சு" என்றாள்.

"அப்புறம் என்ன பண்ணினே?"

"நிறுத்தி, 'சாரி, ஐ வில் சே தட் அகெய்ன்'னு சொல்லிட்டு, நிதானமா திருத்திச் சொன்னேன். நோயாளியா நடிச்ச அம்மா தலையாட்டினாங்க. அதுக்கப்புறம் பயமே இல்லை."

தேறிவிட்டாள். முடிவு வந்த அன்று படியேறி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மிளகுத் தூள் மேல் பழி போட்டேன். ஆனாலும் மனதைக் குடைந்த ஒன்றைக் கேட்டேன். தேர்வு நடுவில் அப்படி நிறுத்தித் திருத்தலாம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நீங்கதான் டீச்சரே. உங்க நாக்கு இடறும்போதெல்லாம் இதைச் சொல்லிட்டுத்தானே திருத்துவீங்க? கிளாஸ்ல நான் முதல்ல படிச்சதே அதான்."

நான் அப்படிச் சொல்கிறேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.