கீழே இருந்த அறை

கிள்ளானில் எங்களுடையது இரட்டை மாடித் தொடர்வீடு. இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் என்பதால் காற்றும் வெளிச்சமும் முன்னாலும் பின்னாலும்தான். நடுவில் ஒரு சின்ன அறை இருந்தது. அதன் ஜன்னல், கூரையில்லாத ஒரு குட்டி முற்றத்தைப் பார்த்திருக்கும். மழை பெய்தால் சாரல் உள்ளே வரும். அந்த அறையை இடித்தது நான்தான். வேறு யார் மேலாவது பழி போட முடியுமா என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், முடியவில்லை.

காரணம் தீபாவளி. இங்கே மலேசியாவில் தீபாவளி என்றால் திறந்த இல்ல உபசரிப்பு. அலுவலகத்து மலாய் நண்பர்கள், பக்கத்து வீட்டுச் சீனர், மனைவியின் பள்ளித் தோழிகள் என்று காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். உள்ளே இடம் போதாது. பாதிப் பேர் வாசலில் கூடாரத்துக்குக் கீழே வேர்த்து வழிந்துகொண்டு பிரியாணி சாப்பிடுவார்கள். சுபாங் ஜெயாவில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனபோது, வாசலில் நின்றால் பின்கதவு வரை தெரிந்தது. நடுவே ஒரு தடுப்பு கிடையாது. சமையல் மேடை தீவு மாதிரி தனியாக நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

மனைவி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "அந்த ரூம மட்டும் விட்டுருங்க. நமக்கும் வயசாகுது. நாளைக்கு மாடி ஏற முடியலன்னா என்ன செய்வீங்க?"

"எப்பவோ வரப்போற முட்டி வலிக்கு இப்பவே ரூமா?" என்று கிண்டலடித்தேன்.

கான்ட்ராக்டரும் என் கட்சி. "ஓப்பனா விட்டாத்தான் பெருசா தெரியும்ணே. இப்ப யாரு லா கீழ ரூம் வைக்கிறா?"

அறை அரை நாளில் போனது. முற்றத்தையும் மூடினோம். அதற்கு மேலே மாடிக் குளியலறையைப் பெரிதாக்கிக்கொண்டோம்.

அந்தத் தீபாவளிக்கு என் கால் தரையில் படவில்லை. வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, "இங்கேருந்து பாருங்க, கடைசி வரைக்கும் தெரியுதா?" என்று கேட்டேன். மனைவி சிரித்துக்கொண்டே முறுக்குத் தட்டை நீட்டினாள். அந்த அறையைப் பற்றி அதன் பிறகு அவள் பேசவே இல்லை.

மறு வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மாடிக்குத் தூக்கிப் போக வழியில்லை. மருத்துவமனைக் கட்டில் ஒன்றை வாங்கி, பழைய அறை இருந்த அதே இடத்தில் போட்டேன். இப்போது அது கூடத்தின் நடு. கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அவள்தான்.

துணி மாற்றும்போது ஒரு மடிப்புத் தடுப்பை விரிப்பேன். விரித்தால் காற்று எட்டாது. பத்து நிமிஷத்தில் அவளுக்கு மூச்சு முட்டும், எடுத்துவிடுவேன். ஏர்கோன் குளிர் பட்டாலோ விழுந்த கை விறைத்துக்கொண்டு வலிக்கிறது. கான்ட்ராக்டரைத் திரும்பக் கூப்பிட்டேன். வந்து அளந்து பார்த்தார்.

"சுவர் எழுப்பிரலாம்ணே. ஆனா ஜன்னல் எங்க வைக்கிறது? முற்றத்தத்தான் மூடிட்டமே."

"திறக்க முடியாதா?"

அவர் மேலே குளியலறையைக் கையால் காட்டினார். இருவரும் அண்ணாந்து பார்த்தோம். எனக்கு அழுகை வந்தது, அவர் முன்னால் அழவில்லை.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களிடம் வராதீர்கள் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை காஜாங்கிலிருந்து அவளுடைய சித்தி மகள் குடும்பத்தோடு, ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தாள். அப்போதுதான் உடம்பு துடைத்து முடித்துத் தடுப்பை மடித்திருந்தேன். வந்தவள் அக்கா கையைப் பிடித்துக் கண் கலங்கினாள். அது நிஜமான அழுகைதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"அத்தான், வீடு ரொம்ப அழகா இருக்கு. நாங்களும் இதே மாதிரி இடிச்சுக் கட்டப் போறோம். ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கிறேன் லா."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். போன தீபாவளிக்கு நான் எல்லாரையும் நிறுத்தினேனே, அதே இடத்தில் நின்று போனை உயர்த்தினாள். மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். அங்கே சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு அந்தச் சித்தி மகளின் கணவர் நின்றார். இந்தப் பக்கம் திருப்பினாள், வாசல். நன்றாக இருக்கும் கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் போய்க் கட்டிலுக்கு முன்னால் நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"அத்தான், கொஞ்சம் தள்ளிக்குங்க, மறைக்குது."

நான் நகரவில்லை. என் உடம்பு அந்தக் கட்டிலில் பாதியைக்கூட மறைக்காது என்று எனக்கும் தெரியும்.

"எடுத்துட்டாங்களா?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.