இரண்டு நிறமும் சேர்ந்த மூலை

காரைக்காலில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. எங்கள் உதவியாளர் அண்ணன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கையை நீட்டிவிடுவார். ஐம்பதைத் தாண்டியவர். "காய்ச்சல்னு ஒரு நாள் படுத்ததில்லம்மா, எடுத்துக்குங்க" என்பார்.

அன்றைக்கும் அப்படித்தான். அவருடைய ரத்தத்தில் ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளைக் கலந்தேன். ஒவ்வொன்றும் தனக்குரிய செல்லைத் தேடி ஒட்டிக்கொள்ளும். லேசர் பட்டதும் அந்தச் செல் ஒளிரும். திரையில் ஒரு புள்ளி விழும். ஒரு வகை வெள்ளணுவுக்குப் பச்சை, இன்னொரு வகைக்குச் சிவப்பு. நோயில்லாத ரத்தத்தில் ஒரே செல் இரண்டு நிறத்திலும் ஒளிர்வது அபூர்வம்; அதனால் இரண்டு நிறமும் சேர்ந்த மூலையில் அனேகமாக ஒன்றும் இருக்காது. அன்று அங்கே புள்ளிகள் ஈ மொய்த்ததுபோல அப்பிக் கிடந்தன.

நான்தான் சாயத்தை மாற்றி ஊற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். திரும்பச் செய்து பார்க்க ரத்தம் மீதமில்லை. மறுநாள் நெரவியில் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன்.

"நேத்து எடுத்தது உறைஞ்சு போச்சுண்ணே. இன்னொரு தடவை குடுங்க."

"அதுக்கென்ன?" என்று சட்டைக் கையை மடித்தார்.

அதே மூலை. அதே புள்ளிகள். ஆய்வுக்கூடத்தின் தலைவரான பேராசிரியரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றார். நானே போனேன். அண்ணன் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க ரத்தத்துல சில செல்லு சரியா இல்ல. ரத்தப் புத்துநோயான்னு பாக்கணும். உடனே டாக்டர்கிட்ட போங்க."

குழாயை மூடினார். "அப்ப உறைஞ்சு போச்சுன்னது?"

"பொய்ண்ணே."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "தையில மக கல்யாணம். அது முடியட்டும். எம் பொண்டாட்டிகிட்ட மூச்சு விட்டுடாதீங்க" என்றார். பேராசிரியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை.

மாதா கோயிலில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு நான் போனேன். கோட்டு அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. அவர் மனைவி எனக்குப் பக்கத்தில் நின்று பரிமாறினார். நோயைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் புதுச்சேரிக்குப் போனார். நோய் நிணநீர் முடிச்சுகளையெல்லாம் தாண்டிப் பரவியிருந்தது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த மருத்துவர். ஆடி பிறப்பதற்குள் அண்ணன் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் அவர் மனைவி என் கையைப் பிடித்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்க்கா."

கையை விட்டுவிட்டார். கடைத்தெருவில் எப்போதாவது எதிரில் வருவார். என்னைப் பார்த்ததும் அடுத்த பக்கம் கடந்துவிடுவார். நானும் கூப்பிடுவதில்லை.