பள்ளம் பள்ளமாகத் தெரிய வேண்டும்

என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடை தையல்கார அக்காவுடையது. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று சில்லறை வேலைகள்தான். ஆனால் வாய் இருக்கிறதே, அதை மிஞ்ச இந்தத் தெருவில் ஆள் கிடையாது. "இடுப்ப ஒரு இஞ்ச் பிரிச்சு விடுங்க" என்று யாராவது வந்தால், "துணியப் பிரிக்கட்டுமா, உங்க வாயத் தைக்கட்டுமா?" என்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். அப்படிப்பட்டவளை ஒரு நடைபாதைப் பள்ளம் என்ன பாடு படுத்தியது தெரியுமா? இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அவள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், பஸ் டிரைவராக இருந்தவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போயிற்று. வேலை போயிற்று, கூட்டாளிகளும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தது காலை நடை மட்டும்தான். வீட்டிலிருந்து கடை வரைக்கும் கைத்தடியைத் தட்டிக்கொண்டு தனியாக நடந்து வருவார். யாராவது கையைப் பிடித்தால் பொல்லாத கோபம் வரும். "விடுப்பா, இந்த ரோடு எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்பார். கடையில் உட்கார்ந்து பட்டன்களைத் தடவிப் பார்த்து அளவு வாரியாகப் பிரித்து வைப்பார். "அந்த நடை இருக்கிறதாலதான் தம்பி அவரு மனுஷனா இருக்காரு. அதுவும் போச்சுன்னா என்ன ஆவாருன்னே தெரியல" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மருந்துக்கடை முன்னால் நடைபாதைக் கல் ஒன்று உடைந்து உள்ளே விழுந்தது. கீழே சாக்கடை. அக்கா உடனே நகராட்சிக்குப் புகார் கொடுத்தாள். அவர்கள் வருகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? துணி வெட்டும் மேஜையின் பழைய பலகையைத் தூக்கி வந்து பள்ளத்தின் மேல் போட்டாள். கைத்தடி மரத்தில் பட்டதும் அண்ணன் நிதானித்துக் கடந்துவிடுவார்.

சில நாளில் அவள் போனுக்குச் செய்தி வந்தது, புகார் தீர்க்கப்பட்டதாம். யார் தீர்த்தது? மறுபடி புகார் கொடுத்தாள். மறுபடி தீர்க்கப்பட்டது. எனக்கு வந்ததே கோபம்! இரண்டு பேரும் கடையைச் சாத்திவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த கிளார்க் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். அக்காவின் பலகை பளிச்சென்று தெரிந்தது.

"பலகை இருக்கேம்மா. ஆளுங்க நடக்கலாம்ல?"

"அது நான் போட்டதுங்க."

"யார் போட்டா என்னம்மா? நடக்க வழி இருந்தா நாங்க முடிச்சிடுவோம். இன்ஸ்பெக்டர் வந்து பாக்கும்போது பள்ளம் பள்ளமா தெரியணும். பலகைய எடுத்துட்டுப் புதுசா ஒரு புகார் குடுங்க."

"அவரு எப்ப வருவாரு?"

"வருவாரு. நேரமெல்லாம் சொல்ல முடியாதும்மா."

அவர் கெட்டவர் இல்லை, குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார். யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் திரும்பி வந்தோம்.

அக்கா பலகையை எடுத்துவிட்டுப் புதுசாக ஒரு புகார் கொடுத்தாள். "அந்த ஆளு வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் நீங்க தனியா வராதீங்க, நானே வந்து கூட்டிட்டு வரேன்" என்று வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "நான் என்ன பச்சக் குழந்தையா?" என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வேறு யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று அக்கா பள்ளத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, மடியில் தையலோடு உட்கார்ந்துவிட்டாள். போகிறவர் வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே சத்தம். "பாத்துப் போங்க சார், விழுந்தீங்கன்னா பேண்ட்டோட சேத்து காலையும் நான்தான் தைக்கணும்!" அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் இன்ஸ்பெக்டரிடமிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. "நான் தெருக்கோடியில நிக்கிறேம்மா. பள்ளம் ஒண்ணையும் காணோமே?"

மனுஷன் தப்பான கோடியில் நின்றுகொண்டிருந்தார். "அங்கயே நில்லுங்க சார், போயிடாதீங்க!" என்று கத்திக்கொண்டே அக்கா தையலை ஸ்டூலில் போட்டுவிட்டு ஓடினாள். விட்டால் மறுபடி எப்போது வருவாரோ!

அந்த நேரம் பார்த்து அண்ணன் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் போட்ட கூச்சலில் நான் ஓடிப் போனபோது அவர் இடுப்பு வரைக்கும் பள்ளத்துக்குள் இருந்தார். வலியில் முகம் கோணிப் போயிருந்தது. அக்காவும் இன்ஸ்பெக்டரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். அந்த ஆள் முதலில் போனை எடுத்துப் படம் பிடித்தார். அதற்குப் பிறகுதான் கை கொடுத்தார்.

"உன் குரல் கேக்கும்னு நெனச்சேன்" என்றார் அண்ணன், தூக்கும்போது. "ரெண்டு நாளா அங்க உக்காந்து கத்திட்டுதானே இருந்த. குரல் கேட்டா நின்னுடலாம்னு வந்தேன். கேக்கல. சரி, பள்ளம் இன்னும் வரலன்னு நடந்துட்டேன்."

அக்கா குனிந்து அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டாள்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. இனி கட்டிலும் சக்கர நாற்காலியும்தான் என்று டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே புதுக் கல் போட்டுவிட்டார்கள். பாவிகள், குறை சொல்ல முடியாத வேலை. மேலே தண்ணீர்கூடத் தேங்காது.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். அண்ணன் கட்டிலில் இருந்தார். அக்கா ஏதோ சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளத்த மூடிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லீங்க" என்றாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல்.

நான் திடுக்கிட்டு அவளைப் பார்த்தேன்.

"மூடட்டும். மூடினதும் நான் பழையபடி கடைக்கு வந்துடுவேன். எனக்கென்ன கொறச்சல்? ரோடுதானே சரியில்ல" என்றவர், என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ஏம்பா, நீ சொல்லு. அப்படியேதானா கெடக்கு?"

அக்காவின் ஊசி நின்றது.

"அப்படியேதான் கெடக்குண்ணே" என்றேன். "அவனுங்களப் பத்தித் தெரியாதா?"

"நாளைக்கு நான் மறுபடி போயி ஒரு புகார் குடுத்துட்டு வரேன்" என்றாள் அக்கா.