சிவந்துபோன தங்கக் கோபுரம்

சுண்ணாம்பு அடித்த ஈரச்சுவரின் வாடை மூக்கில் ஏறினால் கண் லேசாக எரியுமே, அந்த எரிச்சலோடுதான் பர்மாக்காரப் பிள்ளைகளை நான் முதன்முதலில் கிட்டத்தில் பார்த்தேன். அறுபதுகளின் நடுவில் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த சில குடும்பங்களைச் செஞ்சியில் ஒரு பழைய நெல் குடோனில் தங்கவைத்திருந்தார்கள். அவர்களும் தமிழ்தான் பேசினார்கள், ஆனாலும் தெருவில் எங்களோடு ஒட்டவில்லை. பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ரெண்டு தரப்புப் பிள்ளைகளையும் ஜோடி ஜோடியாக நிறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதில்சுவர் முழுக்கப் படம் வரையச் சொன்னார். நான் அந்த வருஷம்தான் அஞ்சாவதோடு படிப்பை விட்டவள். "உனக்கு இங்க இன்னா வேலை" என்று எவராவது கேட்டுவிடுவார்களோ என்று பிரஷைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கியே நின்றேன்.

என் ஜோடி மல்லிகா. நான் வரைந்த எங்கள் ஊர் ராஜகிரி மலைக்குப் பக்கத்திலேயே அவள் ரங்கூன் புத்தர் கோயிலின் தங்கக் கோபுரத்தை வரைந்தாள். வந்த நாளிலிருந்து குடோன் மூலையைவிட்டு எழாத அவளுடைய அப்பா, இதைப் பார்க்க மட்டும் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாராம். "கோபுரம் சரியா இல்லன்னா அப்பா திரும்பவும் போய்ப் படுத்துக்கும்" என்றாள்.

மாஸ்டரிடம் இருந்தது நீலமும் காவியும் கரியும்தான். தங்க நிறத்துக்கு ஆளுக்கொரு பொட்டலம் வீட்டு மஞ்சள்தூளைக் கொண்டுவந்து கரைத்தோம். ஈரம் காயாத சுண்ணாம்பில் பூசப்பூச, கோபுரம் ரத்தச் சிவப்பாகிக்கொண்டே வந்தது. "டேய், கோபுரத்துக்கு அம்மை போட்டிருக்குதுடா!" என்று பக்கத்து ஜோடிப் பையன்கள் கத்தினார்கள். மல்லிகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழித்துப் பூச நேரமில்லை. ஊர் கூடிவிட்டது, மல்லிகாவின் அப்பாவும் வந்துவிட்டார்.

ரொம்ப நேரம் சுவரையே பார்த்தார். அப்புறம் அந்தச் சிவப்பை விரலால் தொட்டு, "மஞ்சளும் சுண்ணாம்புமா? நாங்க வந்து எறங்குனப்ப ஒரு ஆலாத்தி எடுக்க ஆளில்ல. செவுத்துக்கு எடுத்து வெச்சிருக்கீங்க!" என்று சிரித்தார். கூட்டத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

என் அம்மாதான் சண்டைக்குப் போகிறவள்போல முன்னால் வந்து, "அதுக்கின்னா இப்ப? அப்படியே நில்லுங்கண்ணா, எங்கியும் போயிடாதீங்க" என்றாள். மீந்திருந்த மஞ்சள் தண்ணியில் ஒரு விரல் சுண்ணாம்பைக் கரைத்து, தட்டில் ஊற்றி, அந்தக் குடும்பத்தைக் கிழக்கே பார்க்க நிற்கவைத்துச் சுற்றினாள், நெற்றியில் பொட்டும் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அடுத்து வந்த மழையிலேயே படம் வெளுத்துப்போனது. கொஞ்ச காலத்தில் அந்தக் குடும்பங்களும் வேறு ஊருக்குப் போய்விட்டன. மதிலும் இப்போது இல்லை, இடித்துவிட்டு அங்கே பஸ் நிற்கிறது. மூட்டையும் பிள்ளையுமாக யாராவது வந்து இறங்கித் திகைத்து நிற்பதை இன்றைக்கும் பார்க்கிறேன். எந்த ஊரு, எங்கே போகணும் என்று கேட்க நினைப்பேன், கேட்டால் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்று பேசாமல் வந்துவிடுவேன். அம்மா இருந்தால் கேட்டிருப்பாள்.