நாற்பத்தெட்டு மேசைகளும் ஒரு சாக்கடையும்

நகரசபைக் கூட்ட மண்டபத்தில் நாற்பத்தெட்டு மேசைகள். கூட்டம் நடக்கிற அன்று காலை எட்டு மணிக்குள் அத்தனையையும் ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்பவள் பெல் அக்கா. கூட்ட நேரம் வந்ததும் உறுப்பினர்களை உள்ளே கூப்பிடும் மின்மணியை அழுத்துவதும் அவள் வேலை என்பதால் அந்தப் பெயர். மணியடித்தால் யாரும் வருவதில்லை. டீத்தட்டை உள்ளே கொண்டுபோனால் வந்துவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.

மேசையைத் துடைக்கிறவளுக்கு அதில் உட்காருகிறவரைப் பற்றித் தெரியாதது குறைவு. மூன்றாம் மேசைக்காரர் பல் குத்திய குச்சியை மைக்கின் கழுத்தில் செருகிவிட்டுப் போவார். பன்னிரண்டாம் மேசை அம்மாவின் இழுப்பறை நிறைய மிட்டாய்த் தாள். இருபதாம் மேசைக்காரர் நாலு வருடத்தில் ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஒரு சாண் நீளத்துக்குப் பாலிஷை எடுத்துவிட்டார். மக்கள் பணி என்று எதையாவது செய்தாக வேண்டுமே.

பதினேழாம் மேசைக்காரர் படம் வரைவார். கூட்டப் பொருள்கள் அச்சடித்த தாளின் ஓரமெல்லாம் வாத்து. நீந்துகிற வாத்து, நிற்கிற வாத்து, தொப்பி போட்ட வாத்து. அவள் மனதுக்குள் அவருக்கு வாத்துக்காரர் என்றே பெயர். பதினேழாவது வார்டு உறுப்பினர் அவர். பெல் அக்கா குடியிருப்பதும் அந்த வார்டில்தான். ஓட்டுக் கேட்டு வந்த அன்று அவள் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்து, “உங்க கூடப் பிறந்த தம்பின்னு நினைச்சுக்கோங்கக்கா” என்றார். அவளும் ஓட்டுப் போட்டாள். வாத்து விஷயம் அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டுத்தான் இருப்பாள். எதிர்த்து நின்றவர் வரையக்கூடத் தெரியாதவர்.

இந்த வேலைக்கு அவள் ஒரு மாதத்துக்கென்றுதான் வந்தாள். முன்பிருந்த பெண் பிரசவத்துக்குப் போனாள், திரும்பி வரவில்லை. இவளைப் போகச் சொல்லவும் யாருக்கும் ஞாபகமில்லை. அப்படியே நிரந்தரமாகிவிட்டாள். நகரசபை மறந்துபோனதால் ஊரில் ஒருவருக்காவது நல்லது நடந்தது என்று அவள் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுக்காரருக்கு அவர்கள் தெருக்கோடியிலேயே இருக்கிற பிரெட் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஐந்தாறு வருடமாகவே கண் மங்கிக்கொண்டு வந்தது. இப்போது இரண்டு பக்கமும் இருட்டு. நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிகிறது. கை மட்டும் பழைய கைதான். தொட்டுப் பார்த்தே நேற்றைய ரொட்டியையும் இன்றைய ரொட்டியையும் பிரித்துவிடுவார். உறை மடிப்பதில் அவர் வேகம் அங்கே வேறு யாருக்கும் கிடையாது. வீட்டிலிருந்து கம்பெனிக்கு நானூற்றுப் பத்து அடி. தெருவோரமாகத் திறந்த சாக்கடை. மேலே போட்ட பலகைகளில் பாதி உடைந்துபோயிற்று, மீதி காணாமல் போயிற்று. இந்த வருடத்தில் இரண்டு முறை விழுந்தார். முதல் முறை செருப்போடு போனது. இரண்டாம் முறை முழங்கை எலும்பு.

கம்பெனி முதலாளி கெட்டவரில்லை. “மழைக்கு முன்னாடி அந்தச் சாக்கடையை மூடிட்டாங்கன்னா வாங்கண்ணே. இல்லேன்னா வீட்டுலயே இருங்க. தண்ணி ஏறிடுச்சுன்னா எது ரோடு எது சாக்கடைன்னு எனக்கே தெரியாது” என்றார். மழைக்கு இன்னும் இரண்டு மாதம். கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆளில்லை. அவர் கிளம்புகிற நேரத்தில் தினமும் பெல் அக்கா நகரசபையில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் உட்கார வைத்தால் மனுஷன் ஆறு மாதத்தில் சுவரோடு பேசத் தொடங்கிவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்று வருடத்தில் ஐந்து மனு கொடுத்தாள். இரண்டு முறை பொறியாளர் வந்து டேப் பிடித்து அளந்தார். இரண்டு முறையும் நீளம் வேறு வேறாக வந்தது. சாக்கடை வளர்ந்துவிட்டது போலும். கடைசியில் ஒருவழியாகக் கூட்டப் பொருளில் ஏறியது. முப்பத்தொன்றாவது.

கூட்டத்தன்று காலை வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைத் தடவிப் போட்டுக்கொண்டே கேட்டார்: “இன்னிக்கு உங்க ஆளுங்க எதைத் தட்டப் போறாங்க?”

“நம்ம தெருவைத்தான்.”

“மெதுவாத் தட்டச் சொல்லு. ஏற்கெனவே உடைஞ்சு கிடக்கு.”

தட்டுவது என்றால் மேசையை. அந்தச் சபையில் தீர்மானம் நிறைவேறுவது அப்படித்தான். செயலர் பொருளை வாசிப்பார், மூச்சு விட நிறுத்துவார், உறுப்பினர்கள் உள்ளங்கையால் மேசையைத் தட்டுவார்கள், நிறைவேறிவிடும். இதில் ஒரு மரியாதை உண்டு. ஒரு வார்டுக்கான பொருள் என்றால் அந்த வார்டுக்காரர்தான் முதலில் தட்ட வேண்டும். அவர் தட்டினால் மற்றவர்கள் தட்டுவார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பொருள் அன்றைக்கு நின்றுவிடும். பொருள் என்னவென்று யாரும் படித்து வருவதில்லை. அடுத்தவர் கையைப் பார்த்தால் போதும்.

உள்ளே போகுமுன் வாத்துக்காரரை வராந்தாவில் பிடித்தாள். “தம்பி, முப்பத்தொண்ணு. மறந்துடாதீங்க.”

“அக்கா! நம்ம தெருவை விடுவேனா?” என்று நெஞ்சில் கை வைத்தார்.

முப்பதாவது பொருள் நகரசபை வாசலில் நீரூற்று அமைப்பது. அதுவரை தூங்கிய சபை அதற்கு எழுந்து உட்கார்ந்தது. தண்ணீர் எத்தனை அடி உயரம் பாய வேண்டும் என்று அரைமணி நேரம். விளக்கு மூன்று நிறமா ஏழு நிறமா என்று நாற்பது நிமிடம். பன்னிரண்டாம் மேசை அம்மா எழுந்து, “மூணு கலர்னா பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான்” என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். மூன்றாம் மேசைக்காரர், “அங்க தண்ணி வருமா?” என்று கேட்டுத் தொலைத்தார். “அதெல்லாம் பராமரிப்புல பார்த்துக்கலாம், உட்காருங்க” என்று நாலு பக்கமிருந்தும் அதட்டினார்கள். ஏழு நிறம் முடிவானபோது மேசைகள் அதிர்ந்த அதிர்வில் இரண்டு தம்ளர் கவிழ்ந்தது. துடைத்தவள் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குள் அடுத்த அறையிலிருந்து சாப்பாட்டு வாசனை வந்துவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “மீதியைச் சட்டுபுட்டுனு முடிச்சிடலாம்.” மீதி இருபத்தாறு பொருள்.

செயலர் மூக்கால் வாசித்தார். “பொருள் முப்பத்தொன்று. பதினேழாவது வார்டு, பிரெட் கம்பெனித் தெரு, கழிவுநீர்க் கால்வாய்க்கு மூடுபலகை அமைக்கும் பணி...”

பதினேழு என்று காதில் விழுந்ததும் வாத்துக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். வலது கை தயாராக மேலே போனது. தண்ணீர் ஜக்கோடு அவர் பின்னால்தான் நின்றிருந்தாள் பெல் அக்கா.

“...நீரூற்றுப் பணியின் அவசரம் கருதி, அடுத்த நிதியாண்டுக்கு ஒத்திவைக்கலாம்.”

இருபத்திரண்டு வருடத்தில் கூட்டம் நடக்கும்போது அவள் வாய் திறந்ததில்லை. அன்று குனிந்து அவர் காதோரம் சொன்னாள்: “தம்பி, அது ஒத்திவைப்பு. தட்டாதீங்க.”

“தேங்க்ஸ்க்கா” என்று இடது கையால் தம்ளரை நீட்டினார். வலது கையால் தட்டினார். சும்மா தட்டவில்லை, மூன்று முறை. வார்டுக்காரரே தட்டிவிட்டார் என்று மற்ற நாற்பத்தேழு மேசையும் தட்டியது.

“ஒருமனதாக” என்றார் செயலர். “பொருள் முப்பத்திரண்டு...”

அவள் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். அவர் தலையில் ஊற்றலாமா என்று ஒரு நொடி தோன்றியது, அவ்வளவுதான்.

ஓய்வறையில் எல்லோரும் தட்டோடு நின்றார்கள். வாத்துக்காரர் ஜன்னலோரம் போனில் இருந்தார். “பாஸ் பண்ணியாச்சுண்ணே! பிரெட் கம்பெனித் தெருவுல எல்லாருக்கும் சொல்லிடுங்க. போராடித்தான் வாங்கினேன்!”

போனை வைக்கும்வரை காத்திருந்தாள். “தம்பி, பாஸானது சாக்கடை மூடுறது இல்ல. மூட வேண்டாங்கிறது. முதல்ல தட்டினது நீங்க.”

அவர் சிரித்தார். பிறகு கூட்டத் தாளை எடுத்துத் தேடினார். முப்பத்தொன்றாவது பொருளின் கடைசி வரிமேல் ஒரு வாத்து நின்றுகொண்டிருந்தது. அதை ஒதுக்கிப் படித்ததும் முகம் வெளிறியது. “ஐயோ, இப்பத்தானே தெருவுக்கே சொன்னேன்” என்றார். அவர் கவலை அது.

இரண்டு பேருமாகச் செயலரிடம் போனார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டே விதியைச் சொன்னார். “ஒருமனதா முடிவானதை ஆறு மாசத்துக்குத் தொட முடியாது. வார்டு உறுப்பினர் ஆட்சேபிச்சிருந்தா அடுத்த மாசமே திரும்ப வைக்கலாம். நீங்க ஆட்சேபிச்சீங்களா?”

வாத்துக்காரர் ஒரு கணம்தான் தயங்கினார். “ஆட்சேபிச்சேனே! மைக் போடாம சொன்னேன். அக்கா பின்னாடியே நின்னாங்க, கேளுங்க.”

செயலர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் உன் காதில் என்ன விழுந்தது என்று அவளை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் பொய் சொல்வதற்காக. இவருக்காக ஒரு சுண்டுவிரலைக்கூட அசைக்க அவளுக்கு மனமில்லை. இந்தப் பொய்யால் சாக்கடைக்காகக் கர்ஜித்த வீரராகி, அடுத்த தேர்தலிலும் அவள் வாசலில் நின்று தண்ணீர் கேட்பார். ஆனால் ஆறு மாதம் என்றால் நடுவில் மழை. மழை என்றால் சுவரோடு பேசுகிற மனுஷன். சொல்லப்போனால் முழுப்பொய்யும் இல்லை; அந்த மேசைப் பக்கம் ஆட்சேபம் எழத்தான் செய்தது.

“ஆமாங்க சார். ‘அது ஒத்திவைப்பு, தட்டாதீங்க’ன்னு சொன்னார்.”

“யார்கிட்ட?”

“எல்லார்கிட்டயும்தான். யாரும் காதுல வாங்கல.”

இதில் செயலருக்குச் சந்தேகம் வரவில்லை. அந்தச் சபையில் அது நடக்கக்கூடியதுதான். விரலைத் துடைத்துக்கொண்டு, ஒருமனதாக என்ற சொல்லை அடித்து, பக்கத்தில் ‘வார்டு உறுப்பினர் ஆட்சேபம்’ என்று எழுதினார். அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி வைக்கப்படும். அவ்வளவுதான் கிடைத்தது: தட்டுவதற்கு இன்னொரு வாய்ப்பு.

செயலர் கைகழுவப் போனார். வாத்துக்காரருக்கு மறுபடி போன் வந்தது. அவள் எதிரே போய் நின்றாள்.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு. அடுத்த மாசம் செயலர் கடைசி வார்த்தை வரைக்கும் வாசிச்சு முடிக்கிறவரை கையை மடியில வச்சுக்கிட்டு உட்காருவீங்களா? ஆமா இல்லைன்னு சொல்லுங்க. வீட்டுல அவர்கிட்ட போய் நான் என்ன சொல்ல?”

ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். “ஆமாண்ணே, சின்ன மாற்றம்... ஒத்திவைக்கப் பார்த்தாங்க. நான் விடல. ‘தட்டாதீங்க’ன்னு எந்திரிச்சு ஒரே சத்தம். சபையே ஆடிப்போச்சு...”

அந்த ஒரு நிமிஷத்தையும் நின்று கொடுத்தாள். அதற்கு மேல் இன்னொன்றும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, அண்ணனுக்குத் தன் சத்தத்தை இன்னொரு முறை விவரிக்கத் தொடங்கினார். பெல் அக்கா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.