நான்கு ஞாயிறுகளின் லாவெண்டர்

ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் எனக்கு வேலை. காய் பக்கத்திலிருக்கும் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் அங்கே வாசனை சோப்பு போட்டுக்கொண்டுகூட யாரும் வருவதில்லை. அதனால் என் மனைவி மதுரையிலிருந்து எனக்கு வாங்கிவந்த சென்ட்டை ஞாயிறுகளில் மட்டுமே சோதிக்க முடிந்தது.

"தலகாணி, போர்வை, நீங்க, எல்லாம் ஒரே ஏலக்காய். என் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துலயாவது வேற வாசத்தோட என் பக்கத்துல உக்காருங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. நான்கு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு அடித்தேன்: ஒரு வாரம் மணிக்கட்டில், அடுத்த வாரம் கழுத்தில், பிறகு பனியனில், கடைசியாகச் சட்டைக் காலரில். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முகர்ந்து டைரியில் எழுதினேன்.

முதல் பத்து நிமிடம் பழ வாசம். பச்சை ஆப்பிளை நறுக்கியதும் வருமே அந்தப் புளிப்பு, கூடவே கொஞ்சம் அன்னாசி. அது இறங்கியதும் பாட்டிலில் போட்டிருந்த லாவெண்டர். அந்தச் செடியை நான் பார்த்ததில்லை. அப்போதுதான் தேய்த்த துணியில் கற்பூரத்தை வைத்து எடுத்தது போல இருந்தது. கடைசியில் லேசான மர வாசம் மட்டும். தோலில் மூன்று மணி நேரம், காலரில் ஐந்தரை. காலர்தான் சரி என்று முடிவெடுத்தேன். நாளெல்லாம் காயை முகர்ந்து பழசு புதுசு பிரிக்கிற மூக்கு என்பதால் சந்தேகமே வரவில்லை.

கல்யாணத்தன்று தேவாரம் ஊரில் மண்டப வாசலில் இறங்கும்போது அடித்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. என் கணக்குப்படி லாவெண்டர் நன்றாக வீச வேண்டிய நேரம். கொழுந்தியாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பக்கத்தில் வந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"வாங்க மச்சான். பாயசத்துக்கு ஏலக்காய் பத்தலேன்னு சமையக்காரரு கத்திக்கிட்டு இருக்காரு. வெரசா அடுப்புப் பக்கம் போய் நில்லுங்க, போதும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. தாலி கட்டி முடியும்வரை அவள் பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது சிலமலை தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினேன்.

"உனக்கு ஏலக்காய் வாசம் அடிச்சுச்சா?"

"அடிக்காம? மொத ஞாயித்துக்கெழமையே அடிச்சுச்சு."

"நாலு வாரமும்?"

"நாலு வாரமும். மொதல்ல பழம், அப்புறம் தொவைச்ச துணி, அரை மணி நேரத்துல ஏலக்காய். எங்க அடிச்சாலும் அப்படித்தான்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. கைய மோந்து மோந்து எழுதிக்கிட்டே இருந்தீங்க."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஏலக்காயிலேயே கிடக்கிற மூக்குக்கு அது உறைக்காமல் போயிருக்கிறது. அந்த மூக்கை நம்பி நான்கு வாரம் எழுதியிருக்கிறேன். அரை மணி நேரம்தான் என்று தெரிந்திருந்தால் பாட்டிலைப் பையில் எடுத்துப்போய் மண்டப வாசலில் அடித்திருப்பேன். அவளும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்ததும் பாட்டிலைக் குப்பையில் போடப் போனேன்.

அவள் பிடுங்கி அலமாரியில் வைத்தாள்.

"அந்த அரை மணி நேரத்தையும் தூக்கிப் போட்டுறாதீங்க."

இப்போது ஞாயிறு காலையில் அவளே எனக்கு அடித்துவிடுகிறாள். அரை மணி நேரம் தன் பக்கத்தில் உட்காரச் சொல்கிறாள், டைரியை எடுக்கவும் விடுவதில்லை.