பூட்டி வைத்த கட்டில்

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் முதலாளிக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘குடும்பம்’. வாயைத் திறந்தால் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார், அதனால் வந்தது. அவர் கார் வாசலில் நின்றதுமே “குடும்பம் வந்தாச்சு” என்று தையல் மெஷின்களுக்கு நடுவே சேதி ஓடும். குடும்பத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் மட்டும் அந்த மனுஷனுக்குக் காது கேட்காது.

இஸ்திரி அக்காவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கல்யாணமாகி வந்த வருஷமே நீராவிப் பெட்டியைப் பிடித்தவள். மகள் பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறாள், அதே மேசை, அதே புழுக்கம். ஒரு காலரில் சுருக்கம் தங்கிவிட்டால் வீட்டுக்குப் போயும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். வேலையை அவள் மதித்தாள். வேலை கொடுத்தவரை மதிக்கத்தான் ஒரு காரணமும் அகப்படவில்லை.

கூடத்தின் கோடியில் நோயாளிகளுக்கென்று ஓர் அறை இருந்தது. இரும்புக் கட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை, ஒரு மருந்துப் பெட்டி. சட்டை வாங்கும் பெரிய கடைக்காரர்கள் பார்வையிட வரும்போது திறந்து காட்டுவதற்கென்றே கட்டியது. மற்ற நாளெல்லாம் பூட்டு. சாவி குடும்பத்தின் பையில்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம் முழுக்க அக்கா இருமிக்கொண்டே தேய்த்தாள். லீவு கேட்டதற்கு, சரக்கு போகட்டும் என்றார்கள். ஒரு மத்தியானம் மேசையோரமாகச் சரிந்துவிட்டாள். பட்டன் தைக்கும் பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கு ஓடினார்கள். கதவில் பூட்டு. மேஸ்திரி குடும்பத்துக்குப் போன் போட்டுச் சாவி கேட்டான். நாளைக்குப் பார்வையிட ஆள் வருகிறது, மெத்தை கசங்கிவிடும், வெட்டுத்துணி மூட்டைமேல் படுக்க வை என்று பதில் வந்தது. மேஸ்திரியும் மறுபேச்சுப் பேசாமல் அப்படியே செய்தான், கோழை. வேலை விடும் வரை அவள் மூட்டைமேல் கிடந்தாள். புருஷன் வந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நிமோனியா, இன்னும் தாமதித்திருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.

தேறி வந்தவளைக் குடும்பம் தன் அறைக்குக் கூப்பிட்டது. ஒரே கரிசனம், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். போன தடவை பார்வையிட வந்தவர்கள் அந்த நோயாளி அறையை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று சந்தேகப்பட்டார்களாம். நாளைக்கு மறுபடி வருகிறார்களாம்.

“நீ சீக்கில கிடந்து வந்தவ. முகத்தைப் பார்த்தாலே நம்பிருவாங்க. கொஞ்ச நேரம் அந்தக் கட்டில்ல படுத்துக்கம்மா.”

காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் மகளின் படிப்பு இந்த வேலையில்தான் ஓடுகிறது. புருஷனும், வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டு வா என்றான்.

படுத்தாள். மேஸ்திரியே உறையைக் கிழித்து, வெள்ளை விரிப்புப் போட்டு, அவளுக்குப் போர்த்தியும் விட்டான். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் முன்னால் வர, குடும்பம் பல்லை இளித்துக்கொண்டு பின்னால் வந்தது. எங்கள் ஆட்களுக்கு ஒரு தலைவலி என்றாலும் இங்கேதான் படுக்க வைப்போம் என்று அளந்தது. மெத்தை முதுகுக்கு இதமாக இருந்தது. அந்த இதத்தைத்தான் அக்காவால் பொறுக்க முடியவில்லை.

இப்போது எப்படி இருக்கிறது என்று அந்த அம்மாள் குனிந்து கேட்டார்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். “எனக்கு இன்னைக்கு ஒண்ணுமில்லைங்க. படுக்கச் சொன்னாங்க, படுத்தேன். நிஜமா விழுந்த அன்னைக்கு இந்தக் கதவு பூட்டிக் கிடந்துச்சு. மெத்தை கசங்கிடும்னு என்னை மூட்டை மேல போட்டாங்க.”

குடும்பம் திருதிருவென்று முழித்தது. அவள் இறங்கி விரிப்பை மடித்தாள்; பழக்க தோஷம், சுருக்கத்தைக் கையால் நீவியும் விட்டாள். கதவில் தொங்கிய சாவியை உருவிக்கொண்டு போய், இஸ்திரி மேசைக்கு மேலிருந்த ஆணியில் எல்லாரும் பார்க்க மாட்டினாள். வந்தவர்கள் முன்னால் அதைத் தொட யாருக்கும் தைரியமில்லை. நாளைக்கு இந்த மேசையில் வேறு ஒருத்தி நிற்பாள் என்று அவளுக்குத் தெரியும். நிற்கட்டும். அவள் விழுந்தால், சாவி எங்கே என்று யாரும் போன் போட வேண்டியதில்லை.